போர்டில் மூன்று கம்பிகள்

கல்யாணப் பத்திரிகைகளுக்கு நான் ஆசையாகப் போடும் ஆங்கில எழுத்துரு ஒன்று உண்டு. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு கோடு நல்ல தடிமனாக இருக்கும். மற்றவை மயிரிழை போல ஓடும். மைசூரில் என் தங்கை டீக்கடை திறந்தபோது போர்டுக்கும் அதையேதான் போட்டேன்.

மாட்டி முடித்ததும் இருவரும் சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தோம். மெல்லிய கோடுகளெல்லாம் வெயிலில் காணாமல் போய், 'TEA' இருந்த இடத்தில் மூன்று கறுப்புக் கம்பிகள் நின்றன.

"இதென்ன, ஜன்னலா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இங்கேருந்து பார்த்தா எப்படி? கிட்டப் போய்ப் பாரு, எவ்ளோ அழகுன்னு!"

அவள் சாலையைக் கடந்து போய், நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சென்னாகிதே அண்ணா, அழகாத்தான் இருக்கு. ஆனா அவ்ளோ கிட்ட வந்தவனுக்கு போர்டு எதுக்கு?"