முழங்கால் வரை வெண்கலம்

தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டார் என்றால் அவள்தான். சிறுமியாக இருந்தபோது வீட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல், கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அம்மா வேலையிலிருந்து வரும்வரை அப்படியே நின்றவள். அழவில்லை, அக்கம்பக்கத்தில் ஆளைக் கூப்பிடவில்லை. அம்மா உள்ளே நுழைந்ததும், "கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்மா" என்றாள்.

"கோளாறே நீதான்டி" என்றாள் அம்மா.

அப்படிப்பட்டவள் வளர்ந்து ஊருக்கே தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குப் போனதில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆற்றங்கரை நிலையத்தில் சின்ன பம்ப்புகள் கீழ்த் தெருக்களுக்கு. மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீரைத் தள்ளும் வலு பெரிய பம்ப் ஒன்றுக்குத்தான் உண்டு. அதன் வயிற்றுக்குள் சுழலும் வெண்கலச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். ஆட்சி கவிழ்ந்த அதே வாரத்தில் இம்பெல்லரின் இதழ்களும் உடைந்து பல்லிளித்தன.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள் மோட்டார்.

புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எல்லை மூடிக் கிடந்தது. ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி குடும்பத்தோடு எங்கோ தலைமறைவு. மேட்டில் ஆஸ்பத்திரி இருந்தது, அம்மாவின் வீடு இருந்தது. ஜனங்கள் காலையும் மாலையும் வாளியோடு ஆற்றுக்கு இறங்கி, மூச்சு வாங்க ஏறினார்கள். அம்மா வாளியோடு நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார். சதுக்கத்தின் நடுவில், ஊரைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சிலையாக நின்ற பழைய ஆட்சித் தலைவர். இடிக்க வேண்டாம் என்று புதிய கமிட்டி முடிவெடுத்து, கிரேன் வைத்து அலுங்காமல் இறக்கியது. பூட்டுப் போட்ட பெரிய முற்றம் வேறெங்கும் இல்லாததால், தண்ணீர் நிலையத்தில் கொண்டுவந்து மல்லாக்கக் கிடத்தியது. நின்றபோது கட்டளையிட்ட கை, படுத்த பிறகு வகுப்பில் சந்தேகம் கேட்கும் பையனின் கையைப் போல வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆளு பாக்கத்தான்கா பெருசு" என்றான் கிரேன் ஓட்டியவன். "தூக்குனா பூ மாதிரி வர்றாரு."

"உள்ள வெறும் கூடு, தம்பி. வெண்கலச் சிலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னாள் மோட்டார்.

சொன்ன வாயை மூடவில்லை, அவளுக்குப் பொறி தட்டியது. வெண்கலம்!

அண்ணனுக்கு வார்ப்பட்டறையில் வேலை. மோட்டார் ஓட்டமாக ஓடி அவன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இம்பெல்லர் ஒண்ணு வார்த்துக் குடுப்பியா?"

"உலை இருக்கு, மணல் இருக்கு. வெண்கலத்துக்கு எங்க போறது? உன் கம்மலையா உருக்கறது?"

"அங்க ஆளே படுத்திருக்காரு."

அண்ணனுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கமிட்டிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. "இனிமே பொறக்கிற பிள்ளைங்க, இப்படி ஒருத்தன் இருந்தான்னா நம்பாதும்மா. முழுசா வெச்சுக் காட்டணும்."

"காட்டுங்க டாக்டர். கையை மட்டும் குடுத்துட்டு மிச்சத்தைக் காட்டுங்க."

"அந்தக் கைதானேம்மா அந்த ஆளு!"

"உங்க கிளினிக்கும் மேட்டுலதான? வாய் கொப்பளிக்க என்ன குடுக்கறீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "சரி, எடுத்துக்க. ஆனா கை போச்சுன்னா திரும்ப வராது. அப்புறமும் பம்ப் ஓடலேன்னா, கண்காட்சியில அவன் பக்கத்துல நீ நிக்கணும்."

"நிக்கறேன் டாக்டர்!"

அன்று மோட்டார் மேட்டுத் தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறைதான். தண்ணீர் வருகிறது, பாத்திரத்தைக் கழுவி வையுங்கள் என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். அதனால் கையை அறுக்கும் நாளில் முற்றம் கொள்ளாத கூட்டம். அம்மாவும் காலி வாளியோடு வந்து முன்வரிசையில் நின்றாள்.

அண்ணன் கட்டிங் மெஷினைத் தோள்மூட்டில் வைத்தான். வெண்கலத் துகள் தெறிக்கும் என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். வெண்கலம் தெறிக்கவில்லை. குபுகுபுவென்று வெளுத்த தூசி கிளம்பி அண்ணனை மூடியது. கை பொத்தென்று விழுந்தது. தூசிக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்தது, பிறகு குரல் வந்தது.

"மோட்டார்... இது சிமெண்ட்டு."

உள்ளே வலைக்கம்பி, அதன்மேல் சிமெண்ட், அதன்மேல் வெண்கல நிறப் பெயிண்ட். கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ, "இத்தனை வருஷமா சிமெண்ட்டுக்காடா பயந்தோம்!" என்று கத்த, முற்றமே சிரித்து உருண்டது.

டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "கையும் போச்சு. பம்ப்பும் போச்சு."

மோட்டாருக்குக் காது மடல் கொதித்தது. பூ மாதிரி வருகிறார் என்று கிரேன்காரன் சொன்னானே! தட்டிப் பார்க்கவாவது தோன்றியதா? அம்மா சிரிக்காமல் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டதைப் பார்த்தாள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில், கிடந்தவரின் பூட்ஸை ஓங்கி ஒரு உதை உதைத்தாள்.

டங்ங்ங்!

சிரிப்பு நின்றது. மோட்டார் காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தாள். வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

டாக்டர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார். பல்லைத் தட்டிப் பார்த்தே பழகிய கை. குனிந்து பூட்ஸில் மெல்லத் தட்டினார். டங். "இது நல்ல பல்லு." கணுக்கால், டங். கெண்டைக்கால், டங். கூட்டம் அவரோடு சேர்ந்து மேலே நகர்ந்தது. முழங்கால், டங். அதற்கு மேல், டொக்.

"இங்கேருந்து அடைச்ச பல்லு" என்றார் டாக்டர்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு!" என்று கிரேன்காரன் துள்ளினான். "வருஷா வருஷம் பெரிய ஆளுங்க படியேறி மாலை வெச்சுட்டு பூட்ஸைத் தொடுவாங்களே! அவங்க கை எட்டுற வரைக்கும் வெண்கலம். எட்டாத எடமெல்லாம் பெயிண்ட்டு. சிலை செஞ்சவன் மிச்சக் காசை அமுக்கிட்டு, இந்த ஆளுக்கே பெரியண்ணனா இருந்திருக்கான்கா!"

மோட்டார் நொண்டிக்கொண்டே அண்ணனிடம் போனாள். "பூட்ஸ் போதுமா?"

அண்ணன் பூட்ஸைச் சுற்றி வந்தான். கண்ணால் எடை போட்டான். "பழைய இம்பெல்லரையும் உருக்கிச் சேத்தா போதும். ஊத்தறப்ப சிந்தக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்தது.

"எடுத்துக்கம்மா" என்றார் அவர். இப்போது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "கை இல்லாம, கால் இல்லாம, சிமெண்ட்டும் கம்பியும் வெளிய தெரிய வெக்கறேன். இப்பதான் அவனை முழுசாக் காட்டற மாதிரி."

பழைய இம்பெல்லரின் உடைந்த இதழ்களுக்கு மரத்தில் ஒட்டுப்போட்டு, அதை மணலில் பதித்து அச்செடுத்தார்கள். பிறகு அதையும் பூட்ஸையும் துண்டு போட்டு உலைக்குள் இறக்கினார்கள். உலை வாயில் பச்சைத் தீ கூத்தாடியது. அண்ணன் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். ஆறிய பிறகு மோட்டார் அதைத் தண்டில் மாட்டிக் கையால் சுற்றிவிட்டாள். கனம் அதிகமான பக்கம் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கத்தை அரத்தால் ராவினாள். சுற்றினாள், மறுபடி ராவினாள். எந்தப் பக்கமும் கீழே வராமல் அது மனம் போன இடத்தில் நிற்கும்வரை விடவில்லை.

அண்ணனை அம்மா வீட்டுக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். பம்ப் உறுமியது. அதன் உடம்பு உதறியது. பிறகு உதறல் அடங்கி, ஒரே சீரான ரீங்காரம்.

"அண்ணா, என்ன வருது?"

"ஒண்ணும் வரல."

"இப்ப?"

"காத்து வருது. குழாய் இருமுது."

"இருமட்டும், இருமட்டும்!"

"ஏய், துப்புது! துருவாத் துப்புது!"

"துப்பட்டும்ணா!"

பிறகு போனில் வாளியின் அடித்தகட்டில் தண்ணீர் அறையும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தெரு நெடுகக் கதவுகள் திறக்கும் சத்தம், பாத்திரங்கள் உருளும் சத்தம், யாரோ விசிலடிக்கும் சத்தம். அம்மா போனைப் பிடுங்கியது தெரிந்தது.

"ஏன்டி, அவன் பூட்ஸுல சுத்தி வந்த தண்ணியா இது?"

"ஆமாம்மா."

"மூணு தடவை கொதிக்க வெச்சுத்தான் குடிப்பேன்."

"கொதிக்க வை, குளி, தெருவுல ஊத்தி விளையாடு. என்ன வேணா பண்ணிக்க!"

அம்மாவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் கத்தல் கேட்டது. "வாளி வழியுது! வாசல் வரைக்கும் ஓடுது!"

"குழாயை மூடேன்ணா!"

"மூட மனசு வரலடி!"

"தண்ணி வீணாப் போகுது! கட்டைவிரலையாவது வெச்சு அடைண்ணா!"