குணா கொண்டுவந்த புது சர்வர்

க்ர்ரக்... க்ர்ரக்...

கிள்ளான் நகரில் ஒரு மொத்த விற்பனைத் துணிக்கடை. அதன் மாடியில், கஞ்சி வாசம் போகாத புதுத் துணிக்கட்டுகளுக்கு நடுவே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் எந்நேரமும் இப்படித்தான் முனகும். ஹார்ட் டிஸ்க் டேட்டாபேஸைப் படிக்கிற சத்தம் அது.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. அந்தக் கடைக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு துணி எந்த ஸ்டோரில் இருக்கிறது என்று தேடினால், பதில் வருவதற்குள் வாடிக்கையாளர் தே தாரிக் டீயைக் குடித்து முடித்து எழுந்து போய்விடுவார்.

"உன் புரோகிராம்தான்மா ஸ்லோ" என்பார் முதலாளி சலீம்.

"மெஷின் பழசு பாஸ்" என்பேன் நான்.

அவர் என்னை நம்பவில்லை. நானும் என்னை முழுதாக நம்பவில்லை...

அந்தச் சமயத்தில்தான் குணா வந்தார். கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியின் சேல்ஸ்மேன். இறுக்கிக் கட்டிய டை, சிரித்த முகம். வேனில் ஒரு புது சர்வரைக் கொண்டுவந்து, பழையதன் பக்கத்திலேயே வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க டேட்டாதான் பாஸ். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லுவோம். எது வேகம்னு நீங்களே பாருங்க லா."

பழையது முனகத் தொடங்கியது. புதியது... கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது.

சலீம் கைதட்டினார். எனக்கு என்னவோ உறுத்தியது. டிஸ்க்கிலிருந்து சத்தமே வரவில்லை. டிஸ்க் விளக்கும் மின்னவில்லை. படிக்காமலேயே எப்படிப் படித்தது?

"இதுக்கு முன்னாடி இதுல ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"காலைல இங்க வச்சதுமே ஒரு தடவை டெஸ்ட் பண்ணேன் மிஸ், அப்போலேர்ந்து ஆன்லதான் இருக்கு. ஏன்?"

ஒருமுறை படித்தது கம்ப்யூட்டரின் மெமரியிலேயே தங்கிவிடும். மறுபடி கேட்டால் டிஸ்க்கைத் தொடாமலேயே பதில் வரும். அது டிஸ்க்கின் வேகமே இல்லை.

"ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணி மெமரியக் காலி பண்ணிட்டு ஓட்டுவோம்" என்றேன்.

மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "ஓகே லா" என்று அவரே சுவிட்சை அழுத்தினார்.

பழையது வழக்கம்போல முடித்தது. புதியது திணறியது. ஏதோ உரசுகிற சத்தத்தோடு நின்று நின்று படித்து, பழையதற்கும் பிறகுதான் முடித்தது. குணாவின் சிரிப்பு மறைந்தது.

சலீம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் சேந்து டிராமா போடுறீங்களா?"

குணா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். பளபளப்பான பெட்டிக்குள் தூசி படிந்த ஒரு பழைய டிஸ்க். அதன்மேல் ஏதோ ஓர் ஆபீஸின் ஸ்டிக்கர், பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏமாத்துக்காரன்! போலீசுக்குப் போன் போடு!" சலீம் கத்தினார்.

"இது கம்பெனி பண்ண வேலை, இவருக்குத் தெரியாது பாஸ். தெரிஞ்சிருந்தா ரீஸ்டார்ட் பண்ண விட்டிருக்க மாட்டார். மூடியையும் திறந்திருக்க மாட்டார்" என்றேன்.

குணா ஒரு துணிக்கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ்... போன வாரம் டெங்கில் டவுன்ல ஒரு கிளினிக்குக்கு இதே மாடல் மெஷின்தான் கொடுத்தேன். பேஷண்ட் ரெக்கார்ட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு."

அன்று மத்தியானமே அவர் வேனில் டெங்கில் போனோம். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். ஒருவேளை இவர் என்னையும் நடித்து ஏமாற்றுகிறாரோ என்று பாதி வழியில் ஒரு நினைப்பு வந்து போனது...

கிளினிக்கின் டாக்டரம்மா எங்களை உள்ளேயே விடவில்லை.

"நல்லாத்தானே ஓடுது? இன்னொரு மெஷின் தள்ளிவிட வந்தீங்களா?"

"விக்க ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் குணா. "ரெக்கார்ட்ஸ காப்பி எடுத்து உங்க கையிலயே கொடுத்துட்டுப் போயிடுறோம்."

டாக்டரம்மா அரை மனதோடு சம்மதித்தார். நான் வேலை செய்து முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னாலேயே கைகட்டி நின்றார். ரீஸ்டார்ட் செய்து படிக்கச் சொன்னதும் இங்கேயும் அதே உரசல். காப்பி எடுக்கும்போது நடுவில் இரண்டு தடவை நின்றது. மறுபடி ஓட்டினேன். எல்லாம் வந்துவிட்டது.

சில நாள் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து போன். அன்று காலை மெஷின் ஆன் ஆகவே இல்லையாம்.

"உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுச்சு?" குரலில் அப்போதும் சந்தேகம். போனை வைக்கும்போதுதான், "தேங்க்ஸ்மா" என்றார்.

குணா அந்த வேலையை விட்டார். பிறகு அம்பாங்கில் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்தார். சலீம், தன் கண்முன்னே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி வேறொரு மெஷின் வாங்கினார். அதன்பின் என் புரோகிராமைக் குறை சொல்லவில்லை. புகழவும் இல்லை...

இப்போது என் டேட்டாபேஸ் எல்லாம் எங்கோ, நான் பார்க்கவே போகாத கட்டிடங்களில் இருக்கின்றன. வேகத்தை அழகான கிராஃபாக அனுப்பிவிடுகிறார்கள்.

போன வாரம் ஆன்லைன் மீட்டிங்கில் ஒரு விற்பனையாளர் அப்படி ஒரு கிராஃபைக் காட்டினார்.

"டெஸ்டுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டினீங்களா?" என்று கேட்டேன்.

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"செக் பண்ணிச் சொல்றேன் மேடம்."

அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. கேமராவைப் போடச் சொன்னேன்.

லைன் ஸ்லோவாம்.