நான் உயர்த்தி வைத்த பலகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிகிற சமயத்தில் நடந்தது இது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், பதினோராவது மாடியில் ஒரு வீடு. நான் மரவேலை செய்கிறவன். ஆனேக்கல்லில் குடியிருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழ் படிப்பேன், எண்கள் தெரியும், இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. கூச்ச சுபாவம் வேறு. வேலை பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர்தான் வீட்டுக்காரர்களிடம் பேசுவார். நான் 'சரிங்க சார்', 'ஆகட்டும் மேடம்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அன்று கான்ட்ராக்டர் போன் செய்து, "ஒரு வீட்ல பிளேன் செய்யணுமாம், போறியா?" என்றார்.

"குழந்தைக்குப் பொம்மையா?"

"பொம்மை இல்லப்பா, மனுஷன் உக்கார்ற பிளேன். போய்த்தான் பாரேன்."

போய்ப் பார்த்தேன். சின்னப் படுக்கையறை ஒன்றைக் காலி செய்து வைத்திருந்தார்கள். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. மனைவி விமானம் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோள் உடைந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் விமானம் ஓட்டவில்லை. இப்போது டாக்டர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் கம்பெனி வைக்கும் டெஸ்ட். அதில் தேறினால் மறுபடியும் விமானத்தில் உட்காரலாம். அதற்குப் பழகத்தான் வீட்டிலேயே இந்தக் காக்பிட், விமானி உட்கார்கிற அறை மாதிரி ஒன்று.

பழைய கார் சீட் ஒன்று, மூன்று டிவி, ஸ்டியரிங் மாதிரி ஒன்று, நெம்புகோல்கள் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தார்கள். அடித்தளம், பக்கச் சுவர்கள், முன்னால் மேஜை, தலைக்கு மேலே சாய்வாக ஒரு பலகை, இவ்வளவையும் பிளைவுட்டில் செய்வது என் வேலை. தலைக்கு மேல் வரும் பலகையில் சுவிட்சுகள் அச்சடித்த பெரிய காகிதத்தை ஒட்டுவார்களாம்.

"சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது அண்ணா. கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியணும், அதுக்குத்தான்" என்றார் அந்த மேடம்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் வரைந்து தரும் படத்தை நான் முழுதாக நம்ப மாட்டேன். படத்தில் அழகாக இருக்கும் பீரோ கதவு, வீட்டில் சுவிட்ச் போர்டில் போய் இடிக்கும். லாஃப்ட் கதவைத் திறந்தால் ஃபேனில் மாட்டும். அப்படி வரும்போது ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் நானே கூட்டிக் குறைத்துச் சரி செய்துவிடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. கான்ட்ராக்டரும் இதைப் பாராட்டுவார். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பலகையை, படத்தில் போட்டிருந்த உயரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். தலைமுடியைத் தொடுகிற மாதிரி இருந்தது. எழுந்தால் நிச்சயம் மண்டை இடிக்கும். நான் வேலை செய்த வீடுகளில் பீமுக்குக் கீழே கட்டில் போட்டாலே வேண்டாம் என்பார்கள். இங்கே தோள் ஆபரேஷன் ஆன ஒரு பெண் தினமும் இதன் கீழே உட்கார்ந்து எழப்போகிறார். நாலு இஞ்ச் ஏற்றி ஸ்க்ரூ போட்டுவிட்டேன். படத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. தலைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. கணவர் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். மேடம் சீட்டில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி சிரித்தார். நான் கிளம்பிவிட்டேன்.

எட்டு நாள் கழித்து, சமையலறை அலமாரிக் கதவின் கீல் இறங்கிவிட்டது என்று அதே வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் கீலைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அந்த அறை நன்றாகத் தெரிந்தது. மேடம் சீட் பெல்ட் போட்டு, கண்ணை மூடி, ஏதோ வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுக்கொண்டு வந்தார். மேல் பலகையின் கடைசி வரிசைக்கு வந்ததும் கை போய்ப் போய் நின்றது. சுவிட்சுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. மூன்றாவது தடவை உடம்பையே தூக்கிப் பார்த்தார். பெல்ட் விடவில்லை. 'ஸ்ஸ்' என்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் இருவரும் 'நீ, வா, போ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்ற கணவர், "மறுபடி பண்ணு. பயத்துலதான் கை நிக்குதுன்னு உன் ஃபிசியோதெரபி டாக்டரே சொன்னாங்கல்ல?" என்றார்.

"பயமெல்லாம் இல்ல. எட்டல, அவ்வளவுதான். முன்னாடி இதைப் பேச்சுவாக்குல தொட்டுட்டுப் போவேன்."

"இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து நாள்ல வளர்றதுக்கு இது என்ன முருங்கைக்காயா?"

கணவர் சிரித்தார். மேடமும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எட்டு நாளா பார்த்துட்டேன். சாயந்தரமே கம்பெனிக்கு மெயில் போட்டுடறேன். அத்தனை பேர் முன்னாடி கை எட்டாம உக்காந்திருக்கறதை விட, ஆபீஸ் வேலையே போதும்னு நானே சொல்லிடறது மரியாதை."

கணவர் குனிந்து அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

ஸ்க்ரூடிரைவர் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. எட்டாதது அவர் கை இல்லை, நான் ஏற்றி வைத்த நாலு இஞ்ச். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஒருவேளை அதனால் இல்லையோ என்று ஒரு எண்ணம். கான்ட்ராக்டருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். உங்களிடம் மறைப்பானேன், ஆபீஸ் வேலையும் நல்ல வேலைதானே, ஆபத்து இல்லாத வேலை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். கீலை மாட்டி முடித்து, "ஆயிடுச்சு மேடம்" என்றேன்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்குப் போனேன்.

கீழே கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நாலு அடி போனவன், திரும்பி அவரிடமே வந்தேன்.

"ஏன் மர்த்தோய்து?" என்ன மறந்துபோச்சு என்று கன்னடத்தில் கேட்டார்.

"டேப்பு" என்றேன். அளவு டேப் என் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது.

அவர் மேடம் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, மேலே அனுப்பினார். கணவர் கதவைத் திறந்தார். எனக்குப் பேச்சு வராது என்று எனக்கே தெரியும். நேராக அந்த அறைக்குப் போய், சீட்டிலிருந்து பலகைக்கு டேப்பைப் பிடித்தேன். "சார், அந்த டிராயிங்கக் கொஞ்சம் எடுங்க."

எடுத்து வந்தார். அதிலிருந்த எண்ணைக் காட்டினேன். டேப்பில் இருந்த எண்ணைக் காட்டினேன். "நாலு இஞ்ச் கூட இருக்கு சார். நான்தான் ஏத்திட்டேன்."

"ஏத்திட்டீங்களா? யார் ஏத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தலை இடிக்குமேன்னு..."

"இங்க சிவப்புல கோடு போட்டு எழுதியிருக்கேன், இந்த உயரத்தை மாத்தக் கூடாதுன்னு! இதைப் படிக்கலையா நீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார்."

இத்தனை வருட வேலையில் எந்த வீட்டிலும் நான் சொல்லாத வார்த்தை அது. அவருடைய சத்தம் இறங்கிவிட்டது. "கேட்டிருக்கலாமேங்க" என்று மட்டும் சொன்னார்.

மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டேப்பைக் குனிந்து பார்த்து, "நிஜமாவா? நாலு இஞ்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "எட்டு நாளா இந்தக் கையை நான் என்னென்ன திட்டு திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார். கணவர் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தபோது, "நீ சும்மா இரு. முதல்ல அதை இறக்கட்டும்" என்றார்.

இறக்க ஒரு மணி நேரம் ஆனது. காகிதம் ஒரு மூலையில் கிழிந்தது, செல்லோடேப் போட்டு ஒட்டினோம். மேடம் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவது கேட்டது. வழக்கமாக நிற்கும் இடத்தில் குரல் நின்றது.

"தொட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இழுக்குது. வலிக்கத்தான் செய்யுது. ஆனா எட்டுது. வலியை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சீட்டை விட்டு எழும்போது மண்டை 'டங்'கென்று பலகையில் இடித்தது. நான் பதறி உள்ளே ஓடினேன். தலையைத் தேய்த்துக்கொண்டே, "விடுங்கண்ணா, நிஜ பிளேன்லயும் இப்படித்தான் இடிக்கும். அங்க ஏத்தி வைக்க உங்களை மாதிரி யாரும் இல்ல" என்றார். அன்று நான் சிரித்தது அப்போதுதான்.

மெயில் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து மேடத்திடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்காகத் தமிழில் அடித்திருந்தார்: 'பாஸ் பண்ணிட்டேன் அண்ணா.' பஸ்ஸில் நின்றுகொண்டே அதை நாலைந்து தடவை படித்தேன்.

இப்போதெல்லாம் படத்தில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மரத்தில் கை வைக்கிறேன். சிலர் ஏற இறங்கப் பார்ப்பார்கள், கூச்சமாகத்தான் இருக்கும். என்னை அமைதியான மனிதன் என்று எல்லோரும் சொல்லும்போது அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் அன்று நான் பேசாமல் கேட் வரை நடந்துபோன நேரத்தில், மேலே ஒரு பெண் என் தவறைத் தன் உடம்பின் குறையாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.