அத்தான் வயலில் போட்ட துளை

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆற்றுத் தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்கு எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்து சேரும். அதுவரை குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது வயலோரம் இருக்கும் போர்வெல்தான். தெருவுக்குக் குடிதண்ணீரும் அதே ஊற்றிலிருந்துதான்.

அந்த வயலில்தான், பூமிக்குள் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு லாரியில் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பல நாள் துளைத்தார்கள். உருளை உருளையாகக் கல்லையும் மண்ணையும் எடுத்துப் பெட்டிகளில் அடுக்கினார்கள். வேலை முடிந்ததும் துளையைச் சிமெண்டால் மூடிவிட்டுப் போக வேண்டும். சிமெண்ட் மூட்டைகள்கூட லாரியில் வந்து இறங்கிவிட்டன. நான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது.

"மாப்ள, நாம போட்டா இவ்வளவு ஆழம் போட முடியுமா? தென்னை மரத்தை ஒண்ணு மேல ஒண்ணா நட்டாக்கூட அடி எட்டாது. சும்மா கிடைக்குது. ஒரு மோட்டாரை இறக்கிட வேண்டியதுதான்."

"மூடச் சொல்லுங்கத்தான்" என்றேன்.

"ஏன்?"

"தண்ணி போயிடும்."

"போர் போட்டா தண்ணி வரும்னுதான் ஊர்ல சொல்லுவான். நீ ஒருத்தன்தான் போயிடும்ங்கிற."

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் தெலுங்கு பேசும் ஊர் ஒன்றில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டியிருக்கிறேன்.

சுரங்கம் என்றால் கரி வெட்டும் இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது தண்ணீர் இறைக்கும் இடம். பூமிக்குள் குடைந்தால் சுற்றிலும் உள்ள தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தேடி வரும். கூரையில் சொட்டும், சுவரில் கசியும். ராப்பகலாக இறைத்து மேலே தள்ளாவிட்டால் உள்ளே ஆள் இறங்க முடியாது. நாங்கள் இறைக்க இறைக்க, மேலே ஊர்க் கிணறுகளில் கயிறு நீண்டுகொண்டே போனது. இறைத்த தண்ணீர் ஓடையில் விழுந்து துரு நிறத்தில் ஓடியது. எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஒரு மழைக்காலத்தில், கரி எடுத்து முடித்த பகுதியில் கூரை இறங்கி, மேலே ஏரியின் தரை வெடித்தது. ஏரி ஏன் வற்றுகிறது என்று ஊர்க்காரர்கள் மதகைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்விட நாங்கள் பயந்தது பழைய துளைகளுக்குத்தான். எப்போதோ கரி தேடிப் போட்டு, மூடாமல் விட்டவை. ஒரு நாள் வெட்டிக்கொண்டு போனவர்கள் அப்படி ஒன்றை எட்டியதும் மதகு திறந்த மாதிரி தண்ணீர் பாய்ந்தது. சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் ஓடி வந்தோம்.

அத்தானிடம் முடிந்தவரை சொல்லிப் பார்த்தேன். மேலே மணலில் இருப்பது நல்ல தண்ணீர். அதன் கீழே களிமண். களிக்குக் கீழே இருப்பது உப்பா, என்னவா, யாருக்கும் தெரியாது. களிதான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதில் ஓட்டை போட்டாயிற்று. இனி மேலே இருப்பது கீழே இறங்கலாம், கீழே இருப்பது மேலே ஏறலாம். நாளைக்குச் சுரங்கமே வந்தால் இது நேராக அதற்குள் போகும் குழாய். இவ்வளவையும் டீக்கடை வாசலில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.

"பாதாளத்துக்குப் போய்ட்டு வந்தவர் சொல்றாரு, கேட்டுக்குங்கப்பா!" என்றார் அத்தான். கடையே சிரித்தது.

மறுநாள் காலை இயந்திரத்தை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "நிலத்துக்காரரே மூட வேணாம்ங்கிறாரு. நான் என்னண்ணே பண்றது?" என்று கையை விரித்தார். அவர் ஆட்கள் சிமெண்ட் மூட்டையையும் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்கள்.

யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. நேரே போய்த் துளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பு விளிம்பு தொடையை அறுத்தது.

"என்ன மாப்ள, அடை காக்குறியா? எத்தனை குஞ்சு பொரிக்கும்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது.

நாற்றங்காலில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா சேற்றுக் கையோடு வந்தாள்.

"ஏன்டா, நம்ம போர்த் தண்ணி கெட்டுப் போயிடுமா? போகும், போகாது, ஒரு வார்த்தை சொல்லு."

"மூடலைன்னா போயிடும்க்கா."

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மூடச் சொல்லுங்க."

"உன் தம்பிக்கு என்ன தெரியும்?"

"ஒரு பேச்சு பேச ஒரு வருஷம் யோசிக்கிறவன் இத்தனை பேருக்கு நடுவுல வந்து உட்கார்ந்திருக்கான். சும்மாவா உட்காருவான்? நாத்து கருகினா நீங்களா குடத்துல சுமந்து ஊத்துவீங்க?"

அத்தான் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதுவே சம்மதம்.

அதற்கப்புறமும் சூப்பர்வைசரின் ஆட்களுக்கு எரிச்சல் தீரவில்லை. சாக்கையும் கல்லையும் திணித்து மேலே கொஞ்சம் சிமெண்ட் பூசப் பார்த்தார்கள். துளைக்குள் ஒரு மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, கரைத்த சிமெண்டைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். சூப்பர்வைசர் முணுமுணுத்தார். சாம்பல் நிறக் கூழ் மேலே எட்டிப் பார்க்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

சுரங்கமே வந்துவிட்டால் ஒரு துளைச் சிமெண்ட் எதைத் தடுக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதை யாரும் கேட்பதும் இல்லை. அத்தான் கேட்பது வேறு. இப்போதும் நான் போகும்போதெல்லாம் என்னை வயலுக்கு அழைத்துப்போய்ப் பழைய போரின் மோட்டாரைப் போடுகிறார். தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கிறார்.

"பாரு, அப்படியே இளநி மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகலை. அநியாயமா ஒரு போரை மூட வச்சிட்டியே!"

"மூடினதாலதான் அத்தான் ஒண்ணும் ஆகலை."

"மூடாட்டியும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கை ஏந்திக் குடிக்கிறார்.