கல்யாண வாழைக் கரி

எனக்கு அவள் மேல் வயிற்றெரிச்சல். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் தஞ்சாவூரில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். விவசாயக் கழிவைக் கரியாக்கி, அதில் மின்சாரத்தைச் சேமிக்கிற வேலை. அடுத்த திட்டத்தில் எங்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

நான் உமியை எடுத்தேன். நீடாமங்கலத்தில் எங்கள் சொந்த வயல், உமிக்கா பஞ்சம்? அவள் எதை எடுப்பதென்று தெரியாமல் திரிந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அப்போதுதான் என் கல்யாணம் நடந்தது. மறுநாள் பந்தல் பிரிக்கும்போது, வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களைக் காட்டி, "இதை நான் எடுத்துக்கட்டுமாடி?" என்று கேட்டாள்.

"மாட்டுக்குப் போறது உனக்குப் போகட்டும்," என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

உமி என்னைப் படாதபாடு படுத்தியது. அதிலிருக்கும் சிலிக்காவைக் காஸ்டிக் சோடாவில் கழுவிக் கழுவி நாள் போனதுதான் மிச்சம். வாழையிலோ பொட்டாசியம் ஏராளம். உலையில் சூடேறியதும் அதுவே கரியில் நுண்துளைகளைப் போட்டுக் கொடுத்தது. துளை கூடினால் மின்சாரம் தங்கவும் இடம் கூடும். இருவர் கரியிலும் செய்த மின்தேக்கிகளில் ஆளுக்கொரு சின்ன விளக்கை மாட்டினோம். என்னுடையது மின்னிவிட்டு அணைந்தது. அவளுடையது நாங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் எரிந்தது.

"இந்த வாழை எங்கேம்மா கிடைச்சுது?" என்று அவளிடம் கேட்டார் பேராசிரியர்.

"ஒரு கல்யாண வீட்டுக் கழிவு சார்."

என் கல்யாணம்! என் அப்பா திருவையாற்றுப் பக்கம் அலைந்து, தாரும் பூவுமாகப் பார்த்து வாங்கி வந்த மரம்!

"ஒரு தடவை எரிஞ்சா போதாது. ரெண்டு பேரும் இன்னொரு தடவை புதுசா செஞ்சு காட்டுங்க, அப்புறம் முடிவு பண்றேன்," என்றார் அவர்.

உமியைத் தூக்கிப் போட்டேன், இந்தத் தடவை நானும் வாழைதான். அடுத்த முகூர்த்தத்தில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். காவிரிக் கரையில் வாழைக்கு என்ன குறை? ஆனாலும் எனக்கு எங்கள் வாசல் மரம்தான் வேண்டும். பந்தி நடக்கும்போதே அரிவாளோடு போய் நின்றேன். மாமியார் ஓடி வந்தார்.

"அதுல கை வைக்காதம்மா. உன் சிநேகிதி போன வாரமே வந்து கேட்டுட்டுப் போயிருச்சு. வாய் நெறைய அத்தைன்னு கூப்பிட்டுச்சு, நல்ல பொண்ணு. வண்டி வந்து நிக்குது பாரு, நீயும் ஒரு கை புடிச்சு ஏத்தி விடு."

ஏற்றிவிட்டேன். இடம் அவளுக்கே கிடைத்தது. என் பட்டுப்புடவையில் பட்ட வாழைக்கறை இன்னும் போகவில்லை.