பெயர் வைத்த ஒரு வேடம்

குணச்சித்திர நடிகனின் முகத்தை ஊருக்கே தெரியும். பெயரைத்தான் ஒருவருக்கும் தெரியாது. சொந்தப் பெயர் போய், 'பல்லு டொக்டர்', 'மூன்றாம் மாடிக்காரர்' என்று காலம் தள்ளும் அன்பர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். நோர்வேயில், ஒஸ்லோவில் இருபது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறேன். வைத்தியர், கள்ளன், பாதிரியார், எதைக் கொடுத்தாலும் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முடிவில் ஓடும் நடிகர் பட்டியலில் நான் எப்போதும் 'டாக்சிக்காரன் 2'. பெயர் வைத்த ஒரு வேடம் வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

மொப் பிடித்த விதம்

ஒரு தொடரில் பள்ளிக்கூடத் துப்புரவுத் தொழிலாளியாக வந்தேன். நீண்ட நடைபாதையில் தரை துடைக்கும் மொப்பை முன்னும் பின்னும் தள்ளி, தனிமைக்காக ஒரு பெருமூச்சும் விட்டேன். இயக்குநர் கண் கலங்கினார்.

தொடர் வெளிவந்த வாரம், நகரின் வெஸ்ட்லிப் பக்கம் ஒரு பிறந்தநாள் விழாவில் ராணியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடங்களைத் துடைத்தவர். "தம்பி, பெருமூச்சு நல்லாய்த்தான் இருந்தது. ஆனா மொப்பை எட்டு மாதிரி வளைச்சு, பின்பக்கமாய் நடந்தெல்லோ இழுக்க வேணும்? துடைச்ச இடத்தையே மிதிச்சுக்கொண்டு போறீர்."

பிணமாக ஒரு நாள்

அடுத்தது குற்றத் தொடர். முதல் நிமிடத்திலேயே நான் பிணம். பனிக்குள் படுத்து, கமெரா ஓடும்போதெல்லாம் மூச்சின் ஆவி தெரியாமல் அடக்கினேன். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே மறித்தாள். பிணமாகக் கிடந்தவன் தலை முழுகாமல் எதையும் தொடக்கூடாதாம். நேரே குளியலறைக்குப் போனேன்.

தொடர் வெளியானதும் நகரின் மறுபக்கம் குரோருட்டில் இருக்கும் மாமி தொலைபேசி எடுத்தார். பட்டியலில் 'இறந்த மனிதன்' என்று மட்டும் போட்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "செத்த ஆளுக்கு ஒரு பேர்கூட வைக்கேல்லையே? ஆரெண்டு சொல்லி அழுறது?"

ஆர்னே

மாமியின் கேள்வி என்னைச் சுட்டது. அடுத்த நடிகர் தேர்வுக்கு என்னை பஸ் சாரதியாக நடிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் கிடந்த இன்னொரு தாளில் ஆர்னே என்ற ஓய்வுபெற்ற கப்பல் கப்டனைக் கண்டேன். இதைச் செய்து காட்டுகிறேன் என்றேன். இயக்குநர் தயங்கினார். நான் நோர்வீஜியர்கள் பஸ் தரிப்பில் நிற்பதுபோல, பக்கத்து ஆளிடமிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நின்று, வாய் திறக்காமல் நிலத்தைப் பார்த்தேன். முப்பது மாரிகாலம் இந்த ஊரில் பழகிய பாடம் அது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேடம் எனக்குக் கிடைத்தது.

பட்டியலில் 'ஆர்னே' என்றும், அதற்கு நேரே என் பெயரும் வந்தபோது அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அந்த வசந்தத்தில் டுக்னாட் வந்தது. எங்கள் அடுக்குமாடிக்காரர் எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டும் நாள். பன்னிரண்டு வருடமாக என் எதிர்க்கதவில் இருந்து தலையை மட்டும் ஆட்டும் நோர்வீஜியக் கிழவர், முதல்முறையாகக் கிட்ட வந்து, முகம் மலர, ஒரு தும்புத்தடியை நீட்டினார். "ஆர்னே, நீங்களும் இந்தக் கட்டடத்திலா இருக்கிறீர்கள்?"

பெயர் வாங்கியாகிவிட்டது, அன்பர்களே. இனி என்னுடைய பெயரை வாங்க வேண்டியதுதான் பாக்கி.