அடுப்படிக்கும் ஒரு பைப்

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட இரண்டு நாள் இருந்தபோது நான் ஏணியில் ஏறினேன். சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பைப்புகள் வளைந்து வளைந்து போயின. ஒயர் பிற்பாடு அதற்குள்ளேதான் போக வேண்டும். கான்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் ஒயருக்கான பைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஹாலுக்கு இருந்தது. இரண்டு படுக்கையறைக்கும் இருந்தது. அடுப்படிக்கு இல்லை.

"ஏனுங்கண்ணா, அடுப்படிக்குப் போற பாட்டு பைப் எங்கீங்க?" என்று கீழே பார்த்துக் கேட்டேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயரிங் செய்தவர். வேலை சுத்தமாக இருக்கும்.

"அடுப்படிக்கு எதுக்குங்க அம்மிணி பாட்டு? மிக்ஸி ஓடுற எடத்துல என்ன கேக்கப்போவுது? அதான் உட்டுட்டேனுங்க."

"மிக்ஸி நாள் பூரா ஓடாதுங்கண்ணா. நாந்தான் நாள் பூரா அங்க நிக்கறேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்து முடித்த வருஷமே கல்யாணம். அதற்குப் பிறகு நான் கழற்றிப் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு மிக்ஸியும் டேபிள் ஃபேனும்தான். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுவதற்காக இருபது வருஷத்துக்கு மேல் வெளி மாநிலங்களில் அலைந்தவர். இப்போது சொந்தமாக ஒரு வண்டி ஓடுகிறது. அவர் ஊரோடு இருக்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டை ஒட்டி எங்கள் காட்டு நிலத்திலேயே வீடு கட்ட ஆரம்பித்தபோது, எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஊடு பூராப் பாட்டுக் கேக்கோணும் புள்ள. எந்த ரூம்ல நின்னாலும் கேக்கோணும்."

கோயமுத்தூரில் படிக்கிற எங்கள் மகள், "அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசிக்கறீங்க? ரூமுக்கொரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வெச்சிரலாம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் வேறொரு விஷயத்தை மனதில் வைத்திருந்தேன். அதை அவளிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

அவருக்குக் காது மந்தம். கம்ப்ரஸர் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றால் வேறென்ன ஆகும்? வலது காது ரொம்ப மோசம். இடது காது பரவாயில்லை. பழைய வீட்டில் எங்கள் டிவி சத்தம் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும். அப்படி வைத்தும், ஜோக் வந்தால் உடனே சிரிக்க மாட்டார். மகள் சிரித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் வரும். "எனக்கென்ன காது கேக்காமயா இருக்குது? இவனுக பேசறதுதான் வெளங்கல."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருப்பது எனக்குப் படித்த படிப்பால் தெரிந்தது. அவருக்குச் சத்தம் கேட்கிறது, வார்த்தைதான் கேட்கவில்லை. கீச்சென்ற உச்சஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். அவை போய்விட்டால் 'பட்டு'க்கும் 'பத்து'க்கும் வித்தியாசம் தெரியாது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் கூடும். அவருக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. தெளிவான ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

அதை வைத்துத்தான் படம் போட்டேன். மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமான ஒரு அலமாரி. ஆம்ப்ளிஃபையரும் மற்ற பெட்டிகளும் அங்கே. அங்கிருந்து அறைக்கு ஒன்றாகத் தனித்தனி பைப். கரண்ட் ஒயர் போகிற பைப்பில் இந்த ஒயர் எதுவும் சேரக் கூடாது. ஹாலில் சோபாவை வரைந்து, டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் வலது ஓரமாக வருகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அவர் அங்கே உட்கார்ந்தால் நல்ல காது டிவிப் பக்கம் இருக்கும். பேச்சு மட்டும் வருகிற நடு ஸ்பீக்கர், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்துத் திரும்பி இருக்க வேண்டும்.

சேலத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் பாயிடம் நோட்டைக் கொண்டுபோனபோது, அவர் முதலில் வழக்கம்போல ஒரு பேக்கேஜ் சொன்னார். பெரிய பெரிய ஸ்பீக்கராகப் போட்டுக் காட்டினார். தரை அதிர்ந்தது.

"இதுல பேச்சு அமுங்கிப் போகுதுங்க. சத்தம் கம்மியா வெச்சாலும் வசனம் தெளிவா வரணும். அப்படி ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

பாய் ஸ்பீக்கரை நிறுத்தினார். பிறகு நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். "இந்தப் புள்ளி என்னம்மா?"

"எங்க ஊட்டுக்காரர் உக்கார்ற எடமுங்க."

அதற்குப் பிறகு அவர் பேக்கேஜைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாற்காலியை அந்தக் கோணத்தில் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். அன்று மதியம் முழுவதும் அங்கேதான் இருந்தேன்.

சென்ட்ரிங் பலகைமேல் நான் நின்றபோது கையில் இருந்தது அந்த நோட்டுத்தான். அடுப்படி பைப் விஷயம் முடிவதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹால் மூலையில் எலக்ட்ரீஷியன் பைப்பைச் சட்டென்று திருப்புகிற சின்ன எல்போவைப் போட்டிருந்தார்.

"இந்த வளைவுல டிவி கேபிள் போகாதுங்கண்ணா. தலை பெருசு. நீட்டு வளைவா வேணும்."

"அதெல்லாம் போவுமுங்க அம்மிணி. நான் பாக்காத ஒயரா?"

எனக்கு வாதம் செய்ய வராது. பையில் ஒரு கேபிள் கொண்டுவந்திருந்தேன். இறங்கிப்போய், தரையில் கிடந்த எல்போ ஒன்றை எடுத்து இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் நுழைத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. திருப்பி நுழைத்தார். வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நாங்கள் பேசியது அவர் காதில் விழவில்லை. "என்னாச்சு?" என்றார். நான் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தக் கோடுகள் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் எலக்ட்ரீஷியனிடம் அதைத் திறந்தபடியே நீட்டினார்.

"இதுல இருக்கறபடியே போட்டுருங்க. ரிக்குல நான் சொன்ன எடத்துலதான் எல்லாரும் நிப்பாங்க. இங்க அவ சொல்ற எடத்துலதான் நானே நிக்கறேன்."

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்று சாயந்திரத்துக்குள் வளைவு எல்லாவற்றையும் மாற்றினார். அடுப்படிக்குப் பைப் போட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், நோட்டில் இல்லாத ஒரு பைப் மொட்டை மாடிக்கும் போயிருந்தது. "நாளைக்குக் கேப்பீங்கன்னு நானே போட்டுட்டேனுங்க" என்றார்.

வீடு முடிந்து, பாய் தன் ஆட்களோடு வந்து ஒயர் இழுத்தபோது ஒரு பைப்பில்கூடச் சிக்கவில்லை. எல்லாவற்றிலும் முன்கூட்டியே நைலான் கயிறு விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். கயிற்றில் கட்டி இழுத்தால் கேபிள் அந்தப் பக்கம் வந்து நின்றது. ஒரே ஒரு தப்புச் செய்திருந்தேன். எங்கள் அறை ஸ்பீக்கரை மகளின் அறையை ஒட்டிய சுவரில் வைத்துவிட்டேன். நாங்கள் கேட்கிற பாட்டெல்லாம் அவளுக்கும் திம் திம்மென்று கேட்கிறது. அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

மகள் லீவில் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் ஒரு காமெடிப் படம் போட்டோம். நான் ஒன்றும் சொல்லவில்லை; அவராகவே சோபாவில் என் புள்ளி இருந்த இடத்தில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தேன். தலைக்குமேல் இருந்த ஸ்பீக்கரில் அதே படத்தின் வசனம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஒரு ஜோக் வந்தது. வந்த உடனே ஹாலிலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் சிரிக்கவில்லை. "என்ன சொன்னான்பா?" என்று அவள்தான் கேட்டாள். அவர் அந்த வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குச் சொல்லிவிட்டு, "போன வெச்சிட்டுப் படத்தப் பாரு சாமி" என்றார்.

தோசை கருகியது. நான் திருப்பவில்லை. டிப்ளமோ கையில் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பாய் என் நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அடுத்த மாதமே கூப்பிட்டார். ஆட்டையாம்பட்டியில் ஒரு தறிக்காரர் வீடு கட்டுகிறார், நீங்களே வந்து ஸ்பீக்கர் ஒயரிங்குக்குப் படம் போட்டுத் தர முடியுமா என்று. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இதுவரை மூன்று வீடுகளுக்குப் போட்டுவிட்டேன். இரண்டு வீட்டுக்கு ஒயரிங் செய்தது எங்கள் எலக்ட்ரீஷியன்தான். அந்த வேலையை அவரே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காமெடிப் படம் பார்த்து ஒரு வாரம் இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் கேட்டார். "ஏம்புள்ள, ஹால்ல கேக்கற மாதிரி வெளியிலயும் கேக்க வெக்க முடியுமா?"

"முடியுமுங்க மாமா. ஆனா அதுக்கு டாக்டர்கிட்டப் போகோணும்."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். "சரி, போலாம்" என்றார்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு காது கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, நான் நினைத்ததையேதான் சொன்னார்: உச்சஸ்தாயி ஒலிகள் போய்விட்டன, காதில் மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும். பிறகு அவரிடம், "இத்தனை வருஷம் வராதவர் இப்ப மட்டும் எப்படிங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, டாக்டரம்மாவிடமே பேனாவை வாங்கிக்கொண்டார். "எங்க ஊட்டுல இவதானுங்க எஞ்சினியர்" என்று என்னைக் காட்டிவிட்டு, மாடிப்படியை வரைந்தார். அதிலிருந்து ஹாலுக்கு ஒரு கோடு, படுக்கையறைக்கு ஒரு கோடு, அடுப்படிக்கு ஒரு கோடு. எல்லாம் சரியாக இருந்தன. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.